பழைய லைட்ஹவுஸ் பாக்க போறீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு இருட்டுன பிறகு வரைக்கும் முழு வழிகாட்டி

லைட்ஹவுஸ் பாக்க போறவங்கள்ல முக்காவாசி பேர் பண்றது ஒரே மாதிரிதான் இருக்கும். உச்சி வெயில்ல போவாங்க, மூச்சு வாங்க படி ஏறுவாங்க, மேல கம்பிய புடிச்சுகிட்டு கடல பின்னாடி வெச்சு நாலு செல்ஃபி எடுப்பாங்க, எறங்கிடுவாங்க, தலைக்கு மேல இருக்கற லென்ஸ திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாங்க. காட்சி நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா கடலோரத்துல எந்த மேட்டுல ஏறினாலும் அந்த காட்சி கெடைச்சுடுமே. லைட்ஹவுஸ்ங்கறது ஒரு மெஷின். ராத்திரில வேல செய்யற மெஷின், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருட்டுல வர்ற கப்பல்காரனுக்கு "நீ இப்ப இந்த இடத்துல இருக்க"ன்னு சொல்றதுக்காக கட்டுனது. அது வேல செய்யற நேரத்துல பாக்காம வந்தா பாதிதான் பாத்திருக்கீங்க.

அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயத்த வெச்சுதான் போகுது: ஒரே நாள்ல ரெண்டு தடவ பாருங்க. பகல்ல உள்ள போய் மெஷின பாருங்க, இருட்டுனதும் வெளிய தள்ளி நின்னு அது வேல செய்யறத பாருங்க. நடுவுல இருக்கற நேரத்துல சாப்பிடலாம் தூங்கலாம், அது உங்க இஷ்டம்.

1. முதல்ல அது எந்த மாதிரி லைட்ஹவுஸ்னு கண்டுபிடிங்க

கடலோரத்துல நிக்கற எல்லா கோபுரத்துலயும் ஏற விடமாட்டாங்க. பெரும்பாலும் மூணு வகதான். விளக்கும் எரியும், மேல ஏறவும் விடுவாங்க, இது ஒண்ணு. விளக்கு எரியும் ஆனா கோபுரம் பூட்டியே இருக்கும், சுத்தி இருக்கற இடத்துல மட்டும் நடக்கலாம், இது ரெண்டாவது. விளக்க எப்பவோ நிறுத்திட்டு மியூசியமா மாத்திட்டாங்க, இது மூணாவது. நம்ம திட்டத்துக்கு முதல் வகதான் பெஸ்ட், ஆனா மூணாவது வகையையும் தள்ளிடாதீங்க, ஏன்னா பழைய லென்ஸ் பல தடவ அங்கதான் பத்திரமா இருக்கும்.

இதுல ஒரு குழப்பம் வரும். விளக்க பாத்துக்கறது ஒரு துறையா இருக்கும், கட்டடத்த பாத்துக்கறது வேற ஒரு அமைப்பா இருக்கும். இங்கிலாந்துல ட்ரினிட்டி ஹவுஸ்னு ஒண்ணு 1514-ல இருந்து இருக்கு, ஸ்காட்லாந்துக்கு தனியா நார்தர்ன் லைட்ஹவுஸ் போர்டு, அது 1786-ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல 2000-ல ஒரு சட்டம் போட்டு தேவைப்படாத லைட்ஹவுஸ் கட்டடங்கள உள்ளூர் அமைப்புங்களுக்கும் டிரஸ்டுங்களுக்கும் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதனால ஒரு இடத்துல "விளக்கு இயங்குகிறது"ன்னு போட்டிருக்கறத பாத்துட்டு ஏற விடுவாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, பார்வையாளர் நேரம் யாரு நடத்தறாங்களோ அவங்ககிட்டதான் கேக்கணும்.

கேக்கும்போது "திறந்திருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது. எந்த மாடி வரைக்கும் விடறீங்க, விளக்கு அறைக்குள்ள போக முடியுமா இல்ல அதுக்கு கீழ இருக்கற மாடியோட சரியா, பழைய லென்ஸ் மேலயே இருக்கா இல்ல எல்இடி போட்டுட்டு லென்ஸ கீழ எறக்கிட்டீங்களா, கடைசியா ஏற விடற நேரம் எது (மூடற நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே அது முடிஞ்சுடும்), குழந்தைங்களுக்கு உயர கட்டுப்பாடு இருக்கா, இப்ப ரிப்பேர் வேல எதாவது நடக்குதா, இதெல்லாம் கேளுங்க. கடைசி கேள்விய விட்டுடவே கூடாது, உப்புக்காத்து செங்கல்லையும் இரும்பையும் அரிச்சுகிட்டே இருக்கறதால பழைய கோபுரங்கள்ல பெரிய ரிப்பேர் அடிக்கடி வரும், சாரம் கட்டுனா சில சமயம் வருஷக்கணக்குல நிக்கும்.

காவலர் இருப்பாரு, அவர்கிட்ட கதை கேக்கலாம்னு நெனச்சு போகாதீங்க. பிரிட்டன்ல கடைசி லைட்ஹவுஸ் 1998-லயே ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சு, உலகம் முழுக்க கிட்டத்தட்ட இதே நிலமதான். இப்ப உங்கள வரவேற்கறது பெரும்பாலும் தன்னார்வலர்கள், அதுல சிலர் பழைய காவலர் குடும்பத்து ஆளுங்களா இருப்பாங்க, அப்படி ஒருத்தர் மாட்டுனா விட்டுடாதீங்க.

தேதி உங்க கைல இருந்தா ஆகஸ்ட் மாசத்த பாருங்க. ஆகஸ்ட் நடுவுல ஒரு வாரக்கடைசில சர்வதேச லைட்ஹவுஸ் வாரக்கடைசின்னு ஒண்ணு வரும், ஹாம் ரேடியோக்காரங்க (பொழுதுபோக்கா ரேடியோல பேசிக்கறவங்க) பல நாட்டு லைட்ஹவுஸ்கள்ல ரேடியோ வெச்சு பேசிக்குவாங்க. அமெரிக்காவுல லைட்ஹவுஸ் நாள் ஆகஸ்ட் 7, ஏன்னா 1789-ல அந்த தேதிலதான் லைட்ஹவுஸ்கள மத்திய அரசு எடுத்துக்கற சட்டம் கையெழுத்தாச்சு. இந்த மாதிரி நாள்ல எப்பவும் பூட்டியிருக்கற சில கோபுரங்கள கூட திறந்து விடுவாங்க.

இன்னொண்ணு, நடுக்கடல் பாறை மேல நிக்கற லைட்ஹவுஸ் மேல ஆசை வெச்சா அது நடக்காத காரியம்னு ஒதுக்காம கொஞ்சம் தேடுங்க. இங்கிலாந்து கரைக்கு வெளிய எடிஸ்டோன் பாறைன்னு ஒண்ணு. முதல்ல 1698-ல வின்ஸ்டன்லி ஒரு கோபுரம் கட்டுனாரு, 1703 புயல்ல கோபுரமும் போச்சு, ரிப்பேருக்காக உள்ள இருந்த அவரும் போயிட்டாரு. அடுத்து வந்த மரக்கோபுரம் 1755-ல தீ புடிச்சு எரிஞ்சுது. அப்பறம் 1759-ல ஜான் ஸ்மீட்டன், கல்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து, தண்ணிக்குள்ளயும் இறுகற சுண்ணாம்பு போட்டு கட்டுனாரு. அது நூறு வருஷத்துக்கு மேல தாக்குப்புடிச்சுது, கோபுரம் நல்லாத்தான் இருந்துச்சு, கீழ இருந்த பாறைதான் அரிச்சு போச்சு. மேல் பாதிய கழட்டி கொண்டு வந்து பிளிமத் ஊர்ல கரை மேல நிறுத்தி 1884-ல திறந்தாங்க, இன்னைக்கும் அதுல ஏறலாம். அதாவது கடல் லைட்ஹவுஸ் உள்ள எப்படி இருக்கும்னு கடலுக்கு போகாமலே பாக்க வழி இருக்கு.

2. அந்த விளக்கோட பிளாஷ் கணக்க எழுதி வெச்சுக்கங்க

இத பண்ணாம போகவே போகாதீங்க, மொத்தமே அஞ்சு நிமிஷ வேல. ஒவ்வொரு லைட்ஹவுஸும் ஒரு குறிப்பிட்ட கணக்குலதான் மின்னும், கிட்டக்கிட்ட இருக்கற ரெண்டு விளக்குக்கு ஒரே கணக்கு வராத மாதிரி பாத்து குடுத்திருப்பாங்க, கப்பல்காரன் நேரத்த எண்ணி எந்த விளக்குன்னு தெரிஞ்சுக்குவான். கடல் வரைபடத்துலயும் விளக்கு பட்டியல்லயும் இது சுருக்கமா இருக்கும், உதாரணத்துக்கு "எஃப்எல்(3) 20எஸ் 49எம் 18எம்"ங்கற மாதிரி. மூணு பிளாஷ் சேந்து வரும், 20 செகண்டுக்கு ஒரு தடவ திரும்ப ஆரம்பிக்கும், விளக்கு கடல் மட்டத்துல இருந்து 49 மீட்டர் மேல இருக்கு, 18 கடல் மைல் வரைக்கும் தெரியும், அவ்வளவுதான் அர்த்தம். முதல் எம் சின்ன எழுத்து, அது மீட்டர். ரெண்டாவது பெரிய எழுத்து, அது கடல் மைல், ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர். அந்த 49 மீட்டர் கோபுரத்தோட உயரம் இல்லங்கறதையும் கவனிங்க, விளக்கோட நடுப்பகுதி கடலுக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்குங்கறதுதான் அது. செங்குத்தான பாறை மேல பத்து மீட்டர் குட்டி கோபுரம் நின்னாலும் அதோட கணக்குல நூறு மீட்டர்னு வரலாம்.

எஃப்எல் இல்லாம வேற எழுத்து இருந்தா, ரொம்ப நேரம் எரிஞ்சு கொஞ்ச நேரம் அணையறது ஒரு வகை, எரியறதும் அணையறதும் சரி பாதியா இருக்கறது ஒரு வகை, மின்னாம அப்படியே எரியறது ஒரு வகை. ஸ்பெயின்ல இருக்கற ஹெர்குலஸ் கோபுரம் 20 செகண்டுக்கு நாலு பிளாஷ். எடிஸ்டோன் 10 செகண்டுக்கு ரெண்டு. அமெரிக்காவுல மைனட்ஸ் லெட்ஜ்னு ஒண்ணு 1-4-3ன்னு மின்னும், அந்த ஊர்க்காரங்க அத "ஐ லவ் யூ" விளக்குன்னே கூப்பிடறாங்க, இங்கிலீஷ்ல எழுத்து எண்ணிக்கைய பாத்தீங்கன்னா புரியும்.

பட்டியல்ல "சிவப்பு செக்டார்"னு எதாவது போட்டிருந்தா அதையும் குறிச்சுக்கங்க. ஆபத்தான பாறையோ மணல்திட்டோ இருக்கற திசைல மட்டும் விளக்கு சிவப்பா தெரியற மாதிரி சிவப்பு கண்ணாடி வெச்சிருப்பாங்க. சாயங்காலம் எங்க நிக்கணும்னு முடிவு பண்ண இது உதவும்.

3. நேரம், ஓதம், காத்து

பகல் ஏத்தத்துக்கு காலைல முதல் ஸ்லாட், இல்லன்னா சாயங்காலம் கடைசிக்கு முந்துன ஸ்லாட். உச்சி வெயில் வேண்டாம். கண்ணாடி அறை மேல வெயில் நேரா எறங்கும், உள்ள கொதிக்கும், லென்ஸ்ல வர்ற நிறப்பிரிகையும் சாஞ்ச வெயில்லதான் அழகா தெரியும்.

மணல்திட்டு வழியாவோ பாறை வழியாவோ நடந்து போற இடம்னா ஓதம், அதாவது கடல் தண்ணி, ஏறுற எறங்குற நேரத்த பாக்காம கால் வெக்காதீங்க, திரும்பி வர்றதுக்குள்ள வழி முங்கிடும். ஃபிரான்ஸ்ல கோர்துவான் லைட்ஹவுஸ், 1611-ல முடிச்சது, இப்ப யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, ஒரு ஆத்து முகத்துவாரத்துக்கு வெளிய கடல்ல நிக்குது. அங்க படகுல போய் தண்ணி வத்துன நேரத்துல எறங்கி கால் நனைய நடந்துதான் போகணும், அதனால போற நேரம் தினமும் மாறும். 301 படி வேற. அங்க இன்னும் காவலர்கள் தங்கறாங்க.

காத்து விஷயத்துல கீழ நின்னு முடிவு பண்ணாதீங்க, தரைல சும்மா தலைமுடி பறக்கற அளவு இருந்தா மேல கதவ திறக்கவே ரெண்டு கை வேணும். காத்து அதிகமா இருந்தா வெளி கேலரிய (மேல கோபுரத்த சுத்தி இருக்கற பால்கனி) மூடிடுவாங்க, மின்னல் இருந்தா மொத்தமா மூடிடுவாங்க. அவங்ககிட்ட சண்ட போடாதீங்க, சுத்து வட்டாரத்துல உயரமா தனியா நிக்கற ஒரே பொருள் அதுதான்.

எடுத்துட்டு போக வேண்டியது: பின்னாடி வார் இருக்கற, வழுக்காத செருப்பு இல்ல ஷூ, மணிக்கட்டுல மாட்டற போன் ஸ்ட்ராப், சின்ன பைனாகுலர், ஒரு காத்துத்தடுப்பு ஜாக்கெட், சாயங்காலத்துக்கு டார்ச். பெரிய பேக்பேக் வேண்டாம், குறுகலான சுழல் படில அது உங்களுக்கும் தொல்ல, எதிர்ல வர்றவங்களுக்கும் தொல்ல. ட்ரோன் கொண்டு போகாதீங்க, பெரும்பாலான இடத்துல தடை.

4. போனதும் ஏறாதீங்க, முதல்ல சுத்தி வாங்க

நேரா டிக்கெட் கவுன்டர், நேரா படி, இப்படி போனா பாதி விஷயம் போயிடும். முதல்ல தள்ளி நின்னு கோபுரத்தோட பெயின்ட பாருங்க. வெள்ளையோ, கோடோ, கட்டமோ, அது அழகுக்கு அடிச்சது இல்ல, பகல்ல கப்பல்காரனுக்கு எந்த கோபுரம்னு தெரியறதுக்கு. அமெரிக்காவுல வட கரோலினா கரை தட்டையா ஒரே மாதிரி இருக்கும், அதனால கேப் ஹட்டராஸுக்கு கறுப்பு வெள்ள சுழல் பட்ட, போடி ஐலண்டுக்கு படுக்கவாட்டு பட்ட, கேப் லுக்அவுட்டுக்கு சாய்சதுர கட்டம்னு தனித்தனியா குடுத்தாங்க. பின்னாடி பச்ச மலையோ காடோ இருந்தா வெள்ள அடிச்சிருப்பாங்க.

அந்த கேப் ஹட்டராஸ் கோபுரத்துல இன்னொரு விஷயம், 1870-ல கட்டுனப்ப கடல் தூரமா இருந்துச்சு, கரை அரிச்சு அரிச்சு கிட்ட வந்துடுச்சு, 1999-ல மொத்த செங்கல் கோபுரத்தையும் அப்படியே தூக்கி தண்டவாளம் மாதிரி போட்டு 870 மீட்டருக்கு மேல உள்ள நகத்திட்டாங்க. நீங்க போற இடத்துலயும் "கட்டுனப்ப கடல் எங்க இருந்துச்சு"ன்னு கேட்டு பாருங்க.

உயரத்தையும் யோசிங்க. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதுன்னு நாம நெனப்போம், கட்டுனவங்களும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சாங்க. தென்னாப்பிரிக்காவுல கேப் பாயிண்ட்ல 1860-ல கடல்ல இருந்து 238 மீட்டர் உயரத்துல உச்சில கொண்டு போய் விளக்கு வெச்சாங்க, மேகமும் மூடுபனியும் அடிக்கடி அத மறைச்சுடும், கீழ கடல் தெளிவா இருக்கும் விளக்கு மட்டும் தெரியாது. 1911-ல லூசிட்டானியான்னு ஒரு போர்ச்சுகீசிய கப்பல் அங்க பாறைல மோதுனதுக்கு அப்பறம், 87 மீட்டர் உயரத்துல புதுசா ஒண்ணு கட்டுனாங்க. அங்க போறவங்க பெரும்பாலும் பழச மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க, ரெண்டையும் பாத்தாதான் கதை முழுசா புரியும்.

அப்பறம் சுத்தி இருக்கற சின்ன கட்டடங்கள். கோபுரத்துல இருந்து கொஞ்சம் தள்ளி ஜன்னலே இல்லாம குட்டியா ஒரு கல் அறை இருந்தா அது எண்ணெய் அறையா இருக்கும், மண்ணெண்ணெய் வந்த பிறகு தீ பயத்துல தனியா வெச்சது. காவலர் வீடு, படகு கொட்டாய், மூடுபனி சங்கு வெச்ச கட்டடம் இதெல்லாம் இருக்கலாம். சங்கு இன்னும் வேல செய்யற இடம்னா அதுக்கு நேர் முன்னாடி நிக்காதீங்க, சொல்லாம கொள்ளாம ஊதும், காதுக்கு நிஜமாவே கெடுதல்.

5. படி ஏறுறது

இதுல சொல்ல பெருசா இல்ல. மெதுவா ஏறுங்க, ஒவ்வொரு திருப்புமேடைலயும் நில்லுங்க, கைப்பிடிய விடாதீங்க, எறங்கறவங்களும் ஏறறவங்களும் சந்திச்சா அகலமான மேடைல நின்னு வழி விடுங்க. இரும்பு சல்லட படியா இருந்தா காலுக்கு கீழ தர தெரியும், உயரம்னா பயம் இருக்கறவங்க சுவத்து பக்கமா பாத்துகிட்டே ஏறுங்க. மூச்சு, இதயம், மூட்டு பிரச்சன இருக்கறவங்க முன்னாடியே படி எண்ணிக்க கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, பாதில திரும்பறது குறுகலான படில எல்லாருக்கும் சிரமம். கடைசி பகுதி பல இடத்துல ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், அத எறங்கும்போது முகம் படிய பாத்து எறங்குங்க.

ஏறும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. சுவர் கனம், கீழ ஜன்னல் ஆழமா இருக்கும், மேல போக போக சுவர் மெலிஞ்சுகிட்டே வரும். இன்னொண்ணு நடுவுல இருக்கற ஓட்டை இல்லன்னா குழாய். அது காத்தோட்டத்துக்குன்னு நெனப்பீங்க. அதுக்குள்ளதான் ஒரு கனமான எடை தொங்கிட்டு மெதுவா எறங்கும், அந்த எடைதான் மேல லென்ஸ சுத்த வெக்கும், பெரிய சுவர்க்கடிகாரம் ஓடற அதே முறை. எடை கீழ வந்துட்டா காவலர் கைல சுத்தி மேல ஏத்தணும், ராத்திரி பூரா சில மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஒருத்தர் தூங்கிட்டா லென்ஸ் சுத்தறது நின்னுடும், கடல்ல இருக்கறவன் அத வேற விளக்குன்னு நெனச்சுடுவான்.

6. லென்ஸ்: இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

கேலரிக்கு ஓடறதுக்கு முன்னாடி இங்க நில்லுங்க. உங்களுக்கு மொத்தம் அரைமணி நேரம் குடுத்தா இருபது நிமிஷம் இதுக்குத்தான்னு நான் சொல்வேன்.

முதல்ல எதுக்கு இது வந்துச்சுன்னு. ஆரம்பத்துல கோபுரத்து மேல விறகும் நிலக்கரியும் எரிச்சாங்க, அப்பறம் எண்ணெய் விளக்குக்கு பின்னாடி பளபளன்னு வளைஞ்ச உலோகத்தகடு வெச்சாங்க, அப்படியும் நெறைய வெளிச்சம் வானத்துக்கும் தரைக்கும் வீணா போச்சு. ஒரே பெரிய கண்ணாடி லென்ஸ் வெக்கலாம்னா அது பயங்கர கனமா இருக்கும், வெளிச்சத்தையும் தின்னுடும். ஃபிரான்ஸ்ல அகஸ்டின் ஃப்ரெனல் என்ன பண்ணாருன்னா, ஒளிய வளைக்கறது லென்ஸோட வளைஞ்ச மேற்பரப்புதான், நடுவுல இருக்கற கனத்துக்கு வேலயே இல்லன்னு அத வெட்டி எடுத்துட்டு, மேற்பரப்ப மட்டும் வளையம் வளையமா அடுக்கிட்டாரு. மேலயும் கீழயும் முப்பட்டக கண்ணாடிங்க, தப்பிச்சு போற வெளிச்சத்தையும் திருப்பி கடல் பக்கமே அனுப்ப. முதல் லென்ஸ் 1823-ல மேல சொன்ன அதே கோர்துவான்ல போட்டாங்க. சின்ன எண்ணெய் விளக்கோட வெளிச்சத்த வானம் தொடற எல்லை வரைக்கும் கொண்டு போனது இந்த கண்ணாடி அடுக்குதான்.

இதுல சைஸ ஆர்டர்னு சொல்வாங்க. ஃபர்ஸ்ட் ஆர்டர்தான் வழக்கமான பெருசு, விளக்குல இருந்து கண்ணாடிக்கு 920 மில்லிமீட்டர், கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 2.6 மீட்டர் உயரம், ஒரு ஆள் தாராளமா உள்ள நிக்கலாம். சிக்ஸ்த் ஆர்டர் 150 மில்லிமீட்டர்தான், துறைமுக வாசல்ல வெக்கறது. உங்க எதிர்ல இருக்கறது எந்த ஆர்டர்னு கேளுங்க.

அடுத்து அது சுத்தற லென்ஸா நிலையான லென்ஸான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். பீப்பா மாதிரி சுத்தி ஒரே சீரா இருந்தா நிலையானது. நடுநடுவுல வட்ட வட்டமா கண்ணு மாதிரி இருந்தா சுத்தறது, ஒவ்வொரு கண்ணும் ஒரு ஒளிக்கத்தைய வெளிய அனுப்பும். இப்ப நீங்க எழுதிட்டு வந்த கணக்க எடுங்க. லென்ஸ்ல எட்டு கண்ணு சம இடைவெளில இருக்கு, ஒரு முழு சுத்துக்கு 80 செகண்ட் ஆகுதுன்னா, கடல்ல இருக்கறவனுக்கு 10 செகண்டுக்கு ஒரு பிளாஷ். ரெண்டு ரெண்டு கண்ணா கிட்டக்கிட்ட வெச்சிருந்தா ரெட்ட பிளாஷ். அதாவது விளக்கு அணைஞ்சு எரியறதே இல்ல, அது பாட்டுக்கு எரிஞ்சுகிட்டேதான் இருக்கும், கண்ணாடிதான் சுத்துது. (எல்இடி போட்ட இடத்துல நிஜமாவே அணைஞ்சு எரியும், அது வேற.) எத்தன வாசிச்சாலும் புரியாத இந்த விஷயம் லென்ஸ் முன்னாடி நின்னு கண்ண எண்ணும்போது சட்டுனு புரிஞ்சுடும்.

அடில பாருங்க. டன் கணக்குல கனம் இருக்கற லென்ஸ் சின்ன சக்கரங்கள் மேல சுத்தலாம், இல்லன்னா பாதரசத் தொட்டில மிதக்கலாம். பாதரசத்துல மிதக்கறது ஒரு விரல்ல தள்ளுனாலே சுத்தற அளவுக்கு லேசா நகரும், அதனால வேகமாவும் சுத்த முடிஞ்சுது, பளிச் பளிச்னு குட்டி பிளாஷ் வந்ததே அதுக்கு அப்பறம்தான். ஆனா பாதரச ஆவி விஷம், அதனால பல இடத்துல அத எடுத்துட்டாங்க, இன்னும் இருக்கற இடத்துல அந்த அறைக்குள்ள விடமாட்டாங்க. விடலன்னா கெஞ்சாதீங்க.

கண்ணாடிய தொடாதீங்க. விரல் பிசுபிசுப்பு ஒட்டும், பெல்ட் பக்கிளும் ஜிப்பும் கீறிடும், அந்த காலத்து காவலர்களே துணிமணி உரசி கீறாம இருக்க நார்த்துணி ஏப்ரன் கட்டிகிட்டுதான் துடைக்கணும்னு விதி இருந்துச்சு. அறைய சுத்தி மேல கொக்கி இருக்கான்னு பாருங்க, பகல்ல திரைச்சீல மாட்டறதுக்கு. ஃப்ரெனல் லென்ஸ் ரெண்டு பக்கமும் வேல செய்யும், வெயில் வெளிய இருந்து உள்ள வந்தா நடுவுல குவிஞ்சு தீ புடிக்கலாம்.

கடைசியா வெளி கண்ணாடி சட்டங்கள். ஊர் பக்கம் இருக்கற சிலது கறுப்பு அடிச்சோ தகடு வெச்சு மூடியோ இருந்தா ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த திசைல விளக்கு தெரியாது, சாயங்காலம் அந்த பக்கம் போய் நின்னா ஏமாந்துடுவீங்க.

விளக்கு ஆட்டோமேட்டிக் ஆன கதையும் இந்த அறைலதான் இருக்கு. ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டாலேன், வெயில் பட்டா கேஸ தானா நிறுத்தி இருட்டுனா திறந்து விடற ஒரு வால்வு செஞ்சாரு, நடுவுல ஒரு கறுப்பு கம்பி சூட்ட வாங்கி கொஞ்சம் நீளும், அந்த நீட்டம்தான் கேஸ அடைக்கும். இதுக்கும் சேத்து 1912-ல இயற்பியல் நோபல் கெடைச்சுது, அதே வருஷம் ஒரு வெடி விபத்துல அவருக்கு பார்வையே போயிடுச்சு. மின்சாரமே இல்லாத இடத்துல கூட காவலர் இல்லாம விளக்கு எரிஞ்சது அவரால.

7. கேலரி

இப்ப வெளிய போங்க. கதவு குட்டையா இருக்கும், தலைய பாத்துக்கங்க, காத்து கதவ அறையாம புடிச்சுகிட்டே திறங்க, கைய கீல் பக்கம் வெக்காதீங்க. தொப்பிய கழட்டி உள்ள வைங்க. குழந்தைய தூக்கி கம்பிக்கு மேல காட்டற வேல வேண்டவே வேண்டாம்.

கடல பாத்துட்டு ஒரு கேள்வி கேளுங்க, இது எதுக்காக இந்த இடத்துல? காரணம் இல்லாம யாரும் இவ்வளவு செலவு பண்ணல. தண்ணிக்குள்ள பாறை, மணல்திட்டு, ஆத்து வாய், கரை திரும்பற முனை, இதுல எதாவது ஒண்ணு இருக்கும். ஓதம் எறங்கி இருந்தா பைனாகுலர்ல அலை தேவையில்லாத இடத்துல வெள்ளையா உடையறது தெரியும், அதுதான் ஆபத்து. போன்ல கடல் வரைபடத்த எடுத்து ஒப்பிட்டா சீக்கிரம் புடிச்சுடலாம்.

எவ்வளவு தூரம் தெரியுதுன்னும் கணக்கு போடலாம். மீட்டர்ல உயரத்தோட வர்க்கமூலத்த 2.08-ஆல பெருக்குனா கடல் மைல்ல தூரம் வரும். 49 மீட்டர்னா 7 பெருக்கல் 2.08, கிட்டத்தட்ட 14.5 கடல் மைல், 27 கிலோமீட்டர். தண்ணில இருந்து 4 மீட்டர் உயரத்துல கண்ணு இருக்கற படகுக்காரனுக்கு இன்னொரு 4 கடல் மைல் கூடும். கரைல நிக்கற நமக்கு அஞ்சு கிலோமீட்டர்தான். கோபுரத்த எதுக்கு உசத்தி கட்டுனாங்கங்கறதுக்கு இத விட நல்ல விளக்கம் கெடையாது.

8. கீழ வந்து மியூசியம்

பழைய பதிவேடு வெச்சிருந்தா ரெண்டு பக்கமாவது படிங்க. வானில, எவ்வளவு எண்ணெய் செலவாச்சு, எந்த கப்பல் போச்சு, இப்படி ஒரே சலிப்பா இருக்கும், அந்த சலிப்புதான் அவங்க வாழ்க்க. 1838-ல ஃபோர்ஃபார்ஷயர் கப்பல் உடைஞ்சப்ப லாங்ஸ்டோன் லைட்ஹவுஸ்ல இருந்து அப்பா கூட துடுப்பு போட்டு போய் ஆளுங்கள காப்பாத்துன கிரேஸ் டார்லிங் மாதிரி கதைங்க நிஜம். ஆனா பேய்க்கதைங்கள அப்படியே நம்பிடாதீங்க. 1900-ல ஃப்ளானன் தீவுல மூணு காவலர்கள் காணாம போனது உண்மை, ஆனா மேசைல பாதி சாப்பாடு அப்படியே இருந்துச்சுங்கறது பின்னாடி சேந்தது, போய் பாத்தவங்க எழுதுன அறிக்கைல சமையல் சாமானெல்லாம் கழுவி வெச்சிருந்ததாத்தான் இருக்கு.

9. இருட்டுன பிறகு திரும்பி வாங்க

சூரியன் மறையறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி ஒரு கிலோமீட்டராவது தள்ளி, கடல் பக்கம் திறந்த இடத்துல நில்லுங்க. காம்பவுண்ட் மூடிட்டாலும் கவலையில்ல, உள்ள நின்னா சரியாவே தெரியாது, ஏன்னா ஒளிக்கத்த உங்க தலைக்கு மேலதான் போகும். எங்க நிக்கறதுன்னு பகல்லயே பாத்து வைங்க, மூடுன கண்ணாடி பக்கம் வேண்டாம், தண்ணி ஏறுற இடமும் வேண்டாம்.

விளக்கு வந்ததும் போன்ல ஸ்டாப்வாட்ச் எடுங்க. குழுவா மின்னுனா முதல் பிளாஷ்ல ஆரம்பிச்சு அடுத்த குழுவோட முதல் பிளாஷ்ல நிறுத்துங்க, கடைசி பிளாஷ்ல இருந்து எண்ணுனா கணக்கு தப்பா வரும். மூணு நாலு தடவ எடுத்து எழுதி வெச்ச நம்பரோட சரி பாருங்க. அப்பறம் கரையோரமா நடங்க, சிவப்பு செக்டார் இருந்தா ஒரு இடத்துல வெள்ளையா இருந்தது சில அடிலயே சிவப்பா மாறும், அதே மாத்தத்த பாத்துதான் படகுக்காரன் சுக்கான திருப்புவான். லேசா ஈரப்பதம் இருக்கற ராத்திரில கத்தைங்க வானத்துல சக்கரக்கம்பி மாதிரி சுத்தறது தெரியும், ரொம்ப தெளிவான ராத்திரில அந்த அளவுக்கு தெரியாது. தூரத்துல இன்னொரு லைட்ஹவுஸ் இருந்தா அடிவானத்துக்கு கீழ இருந்தாலும் அதோட மங்கலான வெளிச்சம் மட்டும் மேல எழும்பும், அதையும் எண்ணி எதுன்னு கண்டுபிடிக்க பாருங்க.

போட்டோவுக்கு நல்ல நேரம் சூரியன் மறைஞ்சு இருபதுல இருந்து நாப்பது நிமிஷம், வானம் நீலமா இருக்கும் விளக்கும் எரியும். ட்ரைபாட் வேணும், ஷட்டர் ஒரு முழு சுத்து நேரத்துக்கு வெச்சா எல்லா கத்தையும் விழும், ஒரே ஒரு கத்த வேணும்னா ஒண்ணு ரெண்டு செகண்ட் போதும், அப்ப ஐஎஸ்ஓவ ஏத்தணும். போகஸ பகல் வெளிச்சம் இருக்கும்போதே கோபுரத்து மேல வெச்சு லாக் பண்ணிடுங்க, இருட்டுல கேமரா தடவும். திரும்பி நடக்கும்போது டார்ச்ச தரைய பாத்து அடிங்க, கடல் பக்கம் ஆட்டாதீங்க, அங்க இருக்கறவங்க வெளிச்சத்த பாத்துதான் வழி எண்ணிட்டு இருப்பாங்க.